மலையாளம், தெலுங்கு பக்கங்களைத் தமிழ் எழுத்தில் படிக்க ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட்

#1 · எல்லைக்கோடு · கொழிஞ்சாம்பாறை

இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலையாளம் காதில் விழுந்தால் புரியும், பேசவும் வரும். எழுத்து மட்டும் தெரியாது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்தவர்களில் பலருக்கு இதே கதைதான். பஞ்சாயத்து அறிவிப்போ கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) அறிவிப்போ இணையத்தில் வந்தால், படித்துக் காட்ட ஓர் ஆள் தேட வேண்டும். அவர் வாய்விட்டு வாசித்ததும் "அட, இதுதானா" என்று எல்லாம் புரிந்துவிடும்.

உலாவியில் இருக்கும் மொழிபெயர்ப்பு பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெயருக்கே அர்த்தம் கண்டுபிடித்துத் தரும். வீட்டுப் பெயர் கேட்கவே வேண்டாம். நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை; எழுத்து மாறினால் போதும். அதற்காக எழுதியதுதான் இது. சுமார் அறுபது வரி, லைப்ரரி எதுவும் கிடையாது, எந்த சர்வருக்கும் எதுவும் போகாது.

அடிப்படை ரொம்ப எளிது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இந்திய எழுத்துகளுக்கு ஆளுக்கு 128 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ் 2944-இல் தொடங்குகிறது, தெலுங்கு 3072, கன்னடம் 3200, மலையாளம் 3328. 1988-ஆம் ஆண்டு இஸ்கி என்ற இந்திய எழுத்துத் தரத்தில் இருந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டதால், ஒவ்வொரு தொகுதியிலும் அதே எழுத்து அதே இடத்தில் இருக்கிறது. தமிழ் 'க' 2965, மலையாள 'க' 3349. வித்தியாசம் 384. 'ம' எடுத்தாலும் 384தான், 'ழ' எடுத்தாலும் 384தான், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எடுத்தாலும் 384தான். தெலுங்குக்கு 128. ஆக முக்கால்வாசி வேலை ஒரு கழித்தல் கணக்கு.

மீதிக் கால்வாசிதான் வேலை வாங்கும். மலையாளத்திலும் தெலுங்கிலும் க வரிசையில் நாலு 'க' உண்டு. தமிழில் முதலாவதுக்கு மட்டும்தான் எழுத்து, அடுத்த மூன்று இடங்களும் காலி. கழித்ததும் காலி இடத்தில் விழுந்தால் திரையில் கட்டம் கட்டமாக வரும். அதனால் அந்த மூன்றையும் முதலாவதற்குத் திருப்பிவிட வேண்டும். ட, த, ப வரிசைகளுக்கும் இதே விதி. ச வரிசையில் மட்டும் மூன்றாவது இடத்தில் 'ஜ' நமக்கு இருப்பதால் நாலாவதை அதற்குத் திருப்பலாம்.

அனுஸ்வாரம், அதாவது எழுத்துக்குப் பின்னால் வரும் அந்தச் சின்ன வட்டம், கழித்தால் 2946 ஆகும். தமிழில் அப்படி ஒரு குறி பேருக்கு உண்டு, யாரும் எழுதுவதில்லை. அடுத்த எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: க வந்தால் ங், ச அல்லது ஜ வந்தால் ஞ், ட வந்தால் ண், த வந்தால் ந், வேறெது வந்தாலும் சொல் முடிந்தாலும் ம். 'மண்டலம்' என்ற ஒரே சொல்லில் தெலுங்கு வட்டம் இரண்டு இடத்தில் வரும், ஒன்று ண், இன்னொன்று ம்.

'ந'வும் அப்படியே. சொல்லின் முதலிலும் 'த'வுக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் ன. 'ந்ந' என்று இரட்டித்து வந்தால் தொடவில்லை. 'வந்நு' என்று வந்தாலும் படிக்கிறவர் காது சரிசெய்துகொள்ளும்.

பக்கத்தில் மாற்றும் விதம்: உலாவியில் இருக்கும் ட்ரீவாக்கர் என்ற வசதியை வைத்து டெக்ஸ்ட் நோடுகளை (எழுத்து மட்டும் இருக்கும் துண்டுகளை) மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, நோட்வேல்யூவை, அதாவது அதில் இருக்கும் எழுத்தை, மாற்ற வேண்டும். இன்னர்ஹெச்டிஎம்எல்லில் கை வைக்காதீர்கள். பக்கம் முழுவதையும் திருப்பி எழுதினால் பொத்தான்களில் மாட்டியிருக்கும் நிகழ்வுகளும் போய்விடும், படிவத்தில் தட்டச்சு செய்ததும் போய்விடும். பழைய எழுத்தை ஒரு வீக்மேப்பில் (எந்த நோடுக்கு எது என்று நினைவில் வைக்கும் பட்டியல்) வைத்துக்கொண்டால், இரண்டாவது தடவை அழுத்தும்போது மலையாளம் திரும்பிவிடும். மகனிடம் காட்ட வேண்டியிருக்கும், அவன் மலையாள மீடியம்.

இதை புக்மார்க்லெட்டாக, அதாவது முகவரிக்குப் பதில் நிரலை வைத்த புக்மார்க்காக, வைத்திருக்கிறேன். நிரலை ஒட்டாமல் வழியைச் சொன்னதற்குக் காரணம், எழுதிப் பார்த்தால்தான் கைக்கு வரும். முட்டுகிற இடத்தில் கேளுங்கள்.

#2 · மேட்டுவழி · வாளையார்

அருமைங்க. ஒரு லாபத்தை நீங்கள் சொல்லவில்லை. மாற்றிய பிறகு பக்கத்துக்குள் தேடும் வசதியில் தமிழிலேயே தட்டச்சு செய்து தேடலாம். வாக்காளர் பட்டியல் போல நீளமான பக்கத்தில் பெயர் தேட அதுதான் பெரிய உபகாரம். ஆனால் பட்டியல் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இருந்தால் ஒன்றும் நடக்காது, அது வெறும் படம்.

பழைய தளங்கள் சிலவற்றில் யூனிகோடே இருக்காது. ஆங்கில எழுத்தின் மேல் மலையாள ஃபான்ட்டைப் போர்த்தியிருப்பார்கள். அங்கேயும் கழித்தல் கணக்கு செல்லாது.

#3 · வால்நட்சத்திரம் · செங்கோட்டை

நான் எழுதிப் பார்த்தேன் அண்ணா. நடுநடுவே ௺ என்று ஏதோ பழைய கணக்குப்பிள்ளை எழுதிய மாதிரி ஒரு குறி வருகிறது. வேறு சில இடங்களில் கட்டம். ஆரியங்காவு ரயில் நிலையப் பக்கத்தில் ஊர்ப் பெயர் பாதிக்கு மேல் இப்படித்தான். இதென்ன?

#4 · எல்லைக்கோடு · கொழிஞ்சாம்பாறை

தம்பி, அது சில்லு எழுத்து. மலையாளத்தில் ண், ன், ர், ல், ள் இவற்றுக்குப் புள்ளி வைக்காமல் தனி வடிவம் உண்டு. அவை 3450-இலிருந்து 3454 வரை இருக்கின்றன, 3455 க்-உக்கான சில்லு. 3450-இல் 384 போனால் 3066. தமிழில் அந்த இடத்தில் 'எண்' என்பதற்கான பழைய குறியான ௺ இருக்கிறது. மற்றவை காலி இடத்தில் விழுகின்றன, அதனால்தான் கட்டம். கழிப்பதற்கு முன்னால் இந்த ஆறையும் ஒரு சின்ன மேப்பில் போட்டு நேரடியாக மாற்றிவிடு.

இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. சில்லு எழுத்துகளுக்குத் தனி எண் கிடைத்தது 2008-இல், யூனிகோட் 5.1-இல். அதற்கு முன்னால் எழுதிய பக்கங்களிலும், பழைய விசைப்பலகையில் அடித்த பக்கங்களிலும், ந + சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி) + கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்றாக இருக்கும். அந்த இணைப்பானின் எண் 8205. நல்லவேளையாக முதல் இரண்டையும் கழித்தாலே 'ன்' வந்துவிடும். 8205-ஐ மட்டும் தூக்கிப் போட வேண்டும். போடாவிட்டால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் வகைப் பிழை அது.

ஔகாரத்தையும் பார்த்துக்கொள். இப்போதைய மலையாளத்தில் வலது பக்கத்து அடையாளம் மட்டும் எழுதுகிறார்கள், எண் 3415. அதை ௌ என்று முழுதாக மாற்றாவிட்டால் தமிழில் தனியாக ஒரு 'ள' மாதிரி தொங்கும்.

#5 · அக்ஷயா அக்கா · வேலந்தாவளம் பக்கம்

நான் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) உட்காருகிறவள். எனக்கு மலையாளம் படிக்க வரும், வருகிறவர்களுக்கு வராது. திரையைத் திருப்பி "நீங்களே படித்துச் சரிபாருங்கள்" என்று சொல்ல முடிந்தால் எனக்குப் பாதிச் சண்டை மிச்சம். அதனால் இதை ஆசையோடு போட்டுப் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. ஒரு விண்ணப்பப் படிவத்தில் கிராமம் தேர்ந்தெடுக்கும் பட்டியலும் தமிழாகிவிட்டது. பார்க்க அழகாக இருந்தது. அனுப்பினால் "செல்லாத கிராமம்" என்று திரும்பி வருகிறது. பக்கத்தைப் புதுப்பித்து, மாற்றாமல் அனுப்பினால் போகிறது. ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்தத் தளம் என்று சொல்லவில்லை, தப்பு அவர்கள் மேல் இல்லையே.

#6 · தறிக்காரன் · நகரி

அக்கா, இது எனக்கும் தெலுங்குப் பக்கத்தில் வந்தது. காரணம் ஆப்ஷன் எழுதியிருக்கும் விதத்தில் இருக்கிறது.

கீழ்விழும் பட்டியலில் ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் இரண்டு முகம்: கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்று, சர்வருக்குப் போகும் வேல்யூ ஒன்று. தளத்தை எழுதியவர் வேல்யூவாக 0417 மாதிரி ஓர் எண் கொடுத்திருந்தால், எழுத்தை நீங்கள் எப்படி மாற்றினாலும் அனுப்பும்போது எண்தான் போகும். அவர் வேல்யூ கொடுக்காமல் விட்டிருந்தால், ஹெச்டிஎம்எல் விதிப்படி உள்ளே இருக்கும் எழுத்தே வேல்யூ. அதை நீங்கள் தமிழாக்கினால் தமிழ் எழுத்தில் கிராமத்தின் பெயர் சர்வருக்குப் போகும். அங்கே அப்படி ஒரு கிராமம் இல்லை.

சரிசெய்ய ஒரே வரி. எழுத்தை மாற்றுவதற்கு முன்னால் எல்லா ஆப்ஷனையும் சுற்றிவந்து, வேல்யூ ஆட்ரிபியூட் இல்லாதவற்றில் அதன் இப்போதைய வேல்யூவை எடுத்து அதற்கே ஆட்ரிபியூட்டாக எழுதிவிடுங்கள். வரிசை முக்கியம். மாற்றிய பிறகு எழுதினால் பிரயோஜனம் இல்லை.

அப்படியும் ஒரு வகைத் தளம் மிச்சம் இருக்கும். ஆப்ஷனின் எழுத்தைத் தன் ஸ்கிரிப்டில் நேராகப் படித்து அடுத்த பட்டியலை வரவழைக்கும் தளம். அங்கே இந்த வித்தை பலிக்காது. அதனால் நான் செய்வது: பக்கத்தில் செலக்ட் பெட்டி, அதாவது கீழ்விழும் பட்டியல், இருந்தால் அதைத் தொடாமல், தேர்ந்தெடுத்திருப்பதைத் தமிழில் பக்கத்திலேயே சின்னதாக எழுதிக் காட்டுகிறேன். படிக்கவும் முடியும், படிவமும் கெடாது.

இங்கே அடங்கல், 1பி என்ற நிலப் பதிவு நகல்களைத் தெலுங்கில்தான் எடுக்கிறோம். நிலம் இந்தப் பக்கம், ஆள் திருத்தணியில். பட்டாதாரர் பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பர், பரப்பு, நில வகை, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. 128 கழித்தால் எல்லாம் படிக்க வந்துவிடுகிறது. ஊர்ப் பெயரில் கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு 'சித்தூரு', 'புத்தூரு' என்று வரும். அதை நான் வெட்டுவதில்லை. அவர்கள் எழுதியது அப்படி, அப்படியே இருக்கட்டும்.

#7 · எல்லைக்கோடு · கொழிஞ்சாம்பாறை

தறிக்காரன் அண்ணா, பக்கத்தில் எழுதிக் காட்டும் யோசனை என்னுடையதைவிட நல்லது. எடுத்துக்கொண்டேன். இன்புட், டெக்ஸ்ட்ஏரியா, ஸ்கிரிப்ட், ஸ்டைல் நான்கையும் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தேன், செலக்டும் அந்த வரிசையில் சேர்கிறது.

#8 · முத்திரைத்தாள் · களியக்காவிளை

பத்திரம் எழுதுகிற தொழில். எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

மலையாளத்தில் நாலு 'க'வையும் ஒரே 'க'வாக்கிவிட்டீர்கள். படிக்க அது போதும், ஆனால் திரும்பிப் போக வழி கிடையாது. தமிழில் படித்த பெயரை வைத்து யாராவது மறுபடி மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ விண்ணப்பம் எழுதினால் 'கங்காதரன்' எந்த க, எந்த த என்று தெரியாமல் ஆதாரில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று என்று ஆகும். பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக ஒரே ஆள்தான் என்று சான்று வாங்க அலைகிறவர்கள் என் மேசைக்கு வாராவாரம் வருகிறார்கள். எழுத்து மாற்றிய பக்கத்தை அச்சு எடுக்கவும் கூடாது, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டவும் கூடாது. முடிந்தால் ஸ்கிரிப்டிலேயே அதைத் தடுத்துவிடுங்கள்.

#9 · தறிக்காரன் · நகரி

சார் சொல்வது நியாயம். இரண்டுக்கும் வழி இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் வரும் பிஃபோர்பிரின்ட் நிகழ்வில் பழைய எழுத்தைத் திருப்பி வைத்துவிடலாம். காப்பி செய்வதை முழுவதும் தடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. காப்பி நிகழ்வைப் பிடித்து, தேர்ந்தெடுத்த பகுதியின் மூல எழுத்தை கிளிப்போர்டில் வைக்கலாம். நோட் முழுதாகத் தேர்ந்தெடுத்திருந்தால் இது எளிது. பாதிச் சொல்லில் தேர்வு நின்றால் இரு பக்கமும் எழுத்து எண்ணிக்கை ஒத்துப்போகாது, அப்போது நோட் முழுவதையும் கொடுத்துவிட வேண்டியதுதான்.

#10 · ஏலத்தட்டை · கம்பம்

எழுத்து மாற்றும் பேச்சுக்கு நடுவில் வேறு ஒன்று, ஆனால் இதே ரகம்.

வீட்டில் கொஞ்சம் ஏலத்தோட்டம், வண்டன்மேடு பக்கம். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஈ-ஏலத்தின் விலையை ஸ்பைசஸ் போர்டு தன் தளத்தில் அட்டவணையாகப் போடுகிறது: தேதி, ஏலம் நடத்தியவர், லாட் எண்ணிக்கை, வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை. அப்பா இதைத் தினமும் ஒரு டைரியில் எழுதுகிறார். நான் ஒரு புக்மார்க்லெட் போட்டேன். அழுத்தினால் பக்கத்து அட்டவணையின் வரிகளைச் சுற்றிவந்து, கட்டங்களுக்கு நடுவில் டேப், வரிகளுக்கு நடுவில் புதுவரி போட்டு கிளிப்போர்டில் வைக்கும். ஷீட்டில் ஒட்டினால் கட்டம் கட்டமாக அமர்ந்துவிடும். பதினைந்து வரிகூட வராது.

இதில் இரண்டு விஷயம் கவனித்தேன். ஒன்று தேதி. 05-06 என்று ஒட்டினால் ஷீட் எந்த நாட்டு அமைப்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஜூன் 5-ஆகவும் ஆகும், மே 6-ஆகவும் ஆகும். ஜாவாஸ்கிரிப்டும் சாய்கோடு போட்ட தேதியைக் கொடுத்தால் மாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். 13-ஆம் தேதியிலிருந்துதான் பிழை தெரியும், அதுவரை எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே இருக்கும். நான் தேதியை மூன்றாகப் பிரித்து ஆண்டு, மாதம், நாள் என்று திருப்பி எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது சராசரி. ஒரே நாளில் இரண்டு ஏலம் நடக்கும். இரண்டு சராசரி விலையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறவர்கள் நிறைய. பேச்சுக்கு, காலையில் 60,000 கிலோ 2,400 ரூபாய்க்கும் மதியம் 20,000 கிலோ 2,600 ரூபாய்க்கும் போனது என்று வைப்போம். வகுத்தால் 2,500 வரும். விற்ற கிலோவைப் பெருக்கிப் பார்த்தால் அன்றைய சராசரி 2,450தான். கிலோவுக்கு ஐம்பது ரூபாய் வித்தியாசத்தில் வியாபாரியிடம் பேசப் போனால் அவர் சிரிப்பார். பெருக்கும் முன் எண்ணில் இருக்கும் கமாவை நீக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எண்ணே இல்லை என்று ஜாவாஸ்கிரிப்ட் கையை விரித்துவிடும். திரும்பக் காட்டும்போது நம் ஊர் லட்சக் கமா வேண்டுமென்றால் டுலோக்கேல்ஸ்ட்ரிங்கில் இந்திய லோக்கேல் கொடுத்தால் 12,34,567 என்று அதுவே போட்டுக்கொடுக்கும்.

#11 · அக்ஷயா அக்கா · வேலந்தாவளம் பக்கம்

ஏலத்தட்டை தம்பி சொன்னதும் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். கேரள பிஎஸ்சி-க்கு (அரசுப் பணித் தேர்வாணையம்) போட்டோ ஏற்றுவது. 150-க்கு 200 பிக்சல், 30 கேபிக்குள், கீழே பெயரும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கான பணியிடம் அறிவிப்பு வந்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மொத்தமாக வருவார்கள். ஒவ்வொருவர் போனிலும் பல எம்பி அளவில் ஒரு செல்ஃபி.

ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பு. படத்தைத் தேர்ந்தெடுத்தால் கேன்வாஸில் வரைந்து, பெயரையும் தேதியையும் கீழே வெள்ளைப் பட்டையில் எழுதி, ஜேபெக்காக இறக்கும். படம் மையத்தைவிட்டு வெளியே போவதில்லை. ஆள் முகத்தை யாரோ ஒரு தளத்தில் ஏற்றிச் சுருக்குவதைவிட எனக்கு இதுதான் நிம்மதி.

இணையத்தில் கிடைக்கும் சில ஸ்கிரிப்டுகள் 30 கேபிக்குள் கொண்டுவர ஜேபெக் தரத்தை 0.9, 0.8 என்று குறைத்துக்கொண்டே போகும். இந்த அளவுக்கு அதெல்லாம் வேண்டாம். 150-க்கு 200 என்றால் மொத்தமே முப்பதாயிரம் பிக்சல், 0.9 தரத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது வேறு: நீளமான படத்தை அப்படியே அமுக்கினால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். முதலில் மூன்றுக்கு நாலு விகிதத்தில் நடுவில் வெட்டிக்கொள்ள வேண்டும், பிறகு சுருக்க வேண்டும். அளவு விதியை அவ்வப்போதைய அறிவிப்பில் ஒரு தடவை பார்த்துவிட்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

#12 · புதுக்கை · பாலக்காடு

எல்லோருக்கும் வணக்கம். கேட்கலாமா தெரியவில்லை. ஐஆர்சிடிசி-யில் தட்கல் போடப் பெயர், வயது எல்லாவற்றையும் தானாக நிரப்பி, 11 மணி ஆனதும் தானே பொத்தானை அழுத்தும் ஸ்கிரிப்ட் எழுத முடியுமா? தீபாவளிக்குச் சென்னையிலிருந்து பாலக்காடு வர டிக்கெட் கிடைப்பதே இல்லை.

#13 · மேட்டுவழி · வாளையார்

எழுத முடியும் தம்பி, எழுதக் கூடாது. தானியங்கி ஸ்கிரிப்ட் போடுவது தளத்தின் விதிமுறைக்கு விரோதம், கண்டுபிடித்தால் கணக்கை முடக்குவார்கள். அதை வைத்து அடுத்தவருக்கு டிக்கெட் எடுத்து விற்க ஆரம்பித்தால் ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவு வரைக்கும் போகும். 2025 ஜூலையிலிருந்து இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும் வந்துவிட்டது.

பெயர் அடிக்கும் நேரம்தான் பிரச்சினை என்றால் அந்தத் தளத்திலேயே மாஸ்டர் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லோர் பெயரையும் முதல் நாளே அதில் போட்டு வை. 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மற்ற வகுப்பு.

#14 · எல்லைக்கோடு · கொழிஞ்சாம்பாறை

இதில் நான் ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கண் முன்னால் ஏற்கெனவே வந்துவிட்ட பக்கத்தை எனக்கு வசதியாகக் காட்டுவது என் உரிமை. எழுத்தை மாற்றலாம், அட்டவணையை எடுக்கலாம், வங்கிக் கணக்கு எண்ணை இரண்டாவது பெட்டியில் ஒட்ட விடாமல் தடுத்தால்கூட... சரி, அதை நான் நீக்குவதில்லை, கையால் இரண்டு தடவை அடிக்க வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் எனக்குப் பதிலாக என் ஸ்கிரிப்ட் சர்வரிடம் போய் வரிசையில் முந்தி நிற்பது வேறு. அங்கே இன்னொருவர் இடத்தை எடுக்கிறோம்.

#15 · வால்நட்சத்திரம் · செங்கோட்டை

சில்லு சரியாகிவிட்டது அண்ணா, நன்றி. இப்போது போனில் போடப் பார்க்கிறேன். குரோமில் முகவரிப் பட்டையில் ஒட்டினால் முன்னால் இருக்கும் 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்ற பகுதியையே தின்றுவிடுகிறது. கணினியிலும் புக்மார்க்காக வைத்தால் ஒரு தடவை ஓடியது, கொஞ்சம் திருத்திய பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.

#16 · தறிக்காரன் · நகரி

குரோம் தின்பது வேண்டுமென்றேதான். "இதை முகவரிப் பட்டையில் ஒட்டு" என்று ஏமாற்றிக் கணக்கைத் திருடுகிறவர்களுக்காக வைத்த பூட்டு. போனில் ஏதாவது ஒரு பக்கத்தைப் புக்மார்க் செய்து, பிறகு அதைத் திருத்தி, முகவரிப் பெட்டியில் நிரலை வை. ஓட்டும்போது புக்மார்க் பட்டியலில் போய்த் தொடாதே. படிக்க வேண்டிய பக்கத்தில் இருந்துகொண்டே முகவரிப் பட்டையில் புக்மார்க்கின் பெயரை அடி, கீழே வரும் பரிந்துரையைத் தொடு. 'தமிழாக்கு' என்று பெயர் வைத்தால் 'தமி' அடித்ததுமே வந்துவிடும்.

கணினியில் நின்றுபோனதற்கு என் ஊகம்: திருத்தும்போது இரட்டைச் சாய்கோடு போட்டு ஒரு குறிப்பு எழுதியிருப்பாய். புக்மார்க்கில் எல்லாம் ஒரே வரியாகிவிடும், குறிப்புக்குப் பின்னால் இருப்பது அத்தனையும் குறிப்பாகிவிடும். சாய்கோடு, நட்சத்திரம் போட்ட வகைக் குறிப்பு எழுது. முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு உடனே கூப்பிடு, எதையும் திருப்பித் தராதே. ஏதாவது எழுத்து திரும்பி வந்தால் உலாவி பக்கத்தை அழித்துவிட்டு அதைக் காட்டும்.

தினமும் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் போடு. ஆண்ட்ராய்டில் 2023 டிசம்பரிலிருந்து நீட்சிகளுக்கு நன்றாகவே கதவு திறந்துவிட்டார்கள். வயலன்ட்மங்கி என்ற நீட்சியில் யூசர்ஸ்கிரிப்டாக வைத்தால் பக்கம் திறந்ததும் தானே ஓடும். ஆனால் மேட்ச் வரியில் உனக்கு வேண்டிய தளங்களை மட்டும் எழுது. எல்லாத் தளத்துக்கும் என்று நட்சத்திரம் போட்டால் வங்கிப் பக்கத்திலும் ஓடும், அது உனக்கும் நல்லதில்லை எனக்கும் நல்லதில்லை.

#17 · வால்நட்சத்திரம் · செங்கோட்டை

இரட்டைச் சாய்கோடுதான்! யூசர்ஸ்கிரிப்டிலும் ஓடுகிறது. ஆனால் கீழே உருட்ட உருட்டப் புதிதாக வரும் வரிகள் மலையாளத்திலேயே நிற்கின்றன.

#18 · எல்லைக்கோடு · கொழிஞ்சாம்பாறை

மியூட்டேஷன் அப்சர்வர் ஒன்று வை தம்பி. பக்கத்தில் புதிதாக எது சேர்ந்தாலும் கூப்பிடும், அந்தத் துண்டில் மட்டும் ட்ரீவாக்கரை ஓட்டு. நாம் மாற்றுவதும் ஒரு மாற்றம்தானே, முடிவில்லாமல் சுற்றாதா என்று பயப்பட வேண்டாம். ஒரு தடவை மாற்றிய நோடில் 3328-க்கும் 3455-க்கும் நடுவில் எழுத்து எதுவும் மிஞ்சாது. இரண்டாவது சுற்றில் வேலை இல்லாமல் தானே நின்றுவிடும்.

#19 · அக்ஷயா அக்கா · வேலந்தாவளம் பக்கம்

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பையனுக்கு வாட்ஸ்அப்பில் யாரோ ஸ்கிரிப்ட் அனுப்பி, கன்சோலில் (உலாவிக்குள் நிரலை அடித்து ஓட்டும் இடம்) ஒட்டினால் ஸ்காலர்ஷிப் நிலவரம் உடனே தெரியும் என்றிருக்கிறார்கள். உலாவி "ஒட்ட அனுமதி" என்று கையால் அடிக்கச் சொல்லி நிறுத்தியிருக்கிறது, அதையும் அடித்துவிட்டான். நல்லவேளையாக நிரலில் பிழை இருந்து ஓடவில்லை. படித்துப் புரியாத நிரலை உள்நுழைந்த பக்கத்தில் ஓட்டாதீர்கள். இந்த இழையில் நிரலை ஒட்டாமல் விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

#20 · முச்சந்தி · குப்பம்

தாமதமாக வந்தேன். எங்களுக்கு ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, ஒரு பக்கம் கோலார். தெலுங்கோடு கன்னடமும் வேண்டும். கன்னட 'க' 3221, ஆக 256 கழித்தேன், தொண்ணூறு சதம் படிக்க வருகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அனுஸ்வார விதி ஒன்றேதான், தனியாக எழுத வேண்டியதில்லை.

எந்த மொழி என்று கேட்டுப் பொத்தான் வைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். எழுத்தின் எண்ணை 128-ஆல் வகுத்து முழு எண்ணை எடுத்தால் தமிழுக்கு 23, தெலுங்குக்கு 24, கன்னடத்துக்கு 25, மலையாளத்துக்கு 26. அதிலிருந்து 23-ஐக் கழித்து 128-ஆல் பெருக்கினால் எவ்வளவு கழிக்க வேண்டுமோ அது. ஒரே பக்கத்தில் மூன்று மொழி கலந்திருந்தாலும் ஓடும்.

ஒரே ஓர் இடத்தில் இடிக்கிறது: தெலுங்கு, கன்னட இலக்கங்கள் தமிழ் இலக்கங்களாக மாறி ௧, ௨, ௩ என்று வருகின்றன. எங்கள் ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

#21 · எல்லைக்கோடு · கொழிஞ்சாம்பாறை

வகுத்தல் யோசனை பிரமாதம், என் மூன்று இஃப் வரிகளும் போயிற்று. இலக்கத்துக்கு: தொகுதிக்குள் 102-ஆவது இடத்திலிருந்து 111 வரை வந்தால் கழிக்காமல், 102-ஐ எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாதாரண எண்ணாகப் போடுங்கள். சர்வே நம்பர் அப்போதுதான் சர்வே நம்பராக இருக்கும்.